தட்டினால் பேசும் பனி

வட சுவீடனின் தோர்னே ஆற்றில் அறுத்த பனிப்பாளம் எதையும், உள்ளே விரிசல் உண்டா என்று விரல்முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேளாமல் ராக்னா கட்டடத்தில் ஏற்றுவதில்லை. “மீனு கதவத் தொறக்குதாக்கா?” என்று நேற்று எல்லார் முன்னும் கேலி செய்த ஹென்னிங், அவள் வேண்டாமென்று ஒதுக்கிய பாளத்தையே, அவர்கள் கட்டும் பனி விடுதியின் வாசல் வளைவு உச்சியில் வைத்தான். இன்று விருந்தினர் வரும் நாள். உச்சியில் விரிசல் ஓடுகிறது. அதை இறக்கிவிட்டுப் புதிய பாளத்தின் முன் மண்டியிடுகிறான் ஹென்னிங். குல்லாயைக் கழற்றித் தட்டி, சிவந்த காதை ஒட்டுகிறான். எல்லாரும் கேட்க, “மணியாட்டம் பேசுதுக்கா. நேத்து என் வாய்தான் வெடிச்சுது. நீங்க சொன்னாத்தான் ஏத்துவேன்,” என்கிறான். ராக்னா தட்டிக் கேட்கிறாள். “மீனு வீட்டுல இல்ல. ஏத்துடா!” பாளம் உச்சியில் ஏறியதும் வளைவைத் தாங்கிய முட்டுமரங்களை எடுக்கிறார்கள், வளைவு நிற்கிறது. தென்வான ஒளி பாளத்தினூடே நீலமாய் இறங்கி, நிமிர்ந்த அவள் முகத்தில் படிகிறது. வாசலுக்குள் முதல் அடியை அவளே வைக்கட்டும் என்று ஹென்னிங் விலகி நிற்கிறான்.