பக்கீர் கொடுத்த வாக்கு

"இந்தக் கல்லின்ட பாரம் காணுமா மச்சான்?" என்று கேட்டார் பக்கீர்.

கரையில் உட்கார்ந்திருந்த கதிரவேல், வள்ளத்துக்குள் கிடந்த கல்லை எட்டிப் பார்த்தார். "காணும். கயிறு அறாதே? இண்டைக்கு எப்பிடியும் காரியத்தை முடிச்சுப்போட வேணும்."

"அறாது. நீ என்ட கழுத்தைக் கட்டிப் பிடி." பக்கீர் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கி, வள்ளத்தின் நடுவில் அடுக்கியிருந்த தலையணைகளில் சாய்த்தார்.

"சாகப் போறவனுக்குத் தலையணை எதுக்கு?"

"போற வழியில முதுகு நோகுமே."

கதிரவேலின் மனைவி பூரணம் கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்கு முன் காரியம் முடிய வேண்டும்.

போன வருசம் ஜப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட அன்று, மீன் பிடிக்கிற கதிரவேலும் துறைமுகத்தில் வள்ளம் வலிக்கிற கிண்ணியாக்காரர் பக்கீரும் ஒரே பதுங்குகுழிக்குள் கிடந்தார்கள். கையோ காலோ போய் ஒருவர் படுக்கையில் விழுந்தால், மற்றவர் அவரைக் கடலில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று அங்கே வைத்து வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள்.

குண்டுக்குத் தப்பிய கதிரவேல், தன் வீட்டுக் கூரைக்குத் தென்னோலைக் கிடுகு மாற்ற ஏறி விழுந்தார். எட்டு மாதமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வைத்தியம் பார்த்தவர்கள் இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?" துடுப்பை வலித்தபடி பக்கீர் கேட்டார்.

"ஒருநாள் என்னைக் குளிப்பாட்டேக்க பூரணம் அழுதாள். என்னெண்டு கேட்டன். சவுக்காரம் கண்ணில பட்டுட்டுது எண்டாள்." கதிரவேல் கடலைப் பார்த்தார். "வீட்டில சவுக்காரம் முடிஞ்சு அப்ப பத்து நாள், பக்கீர்."

"மறுமையில என்னைக் கேள்வி கேப்பாங்களே. நான் என்ன பதில் சொல்ல?" என்றார் பக்கீர்.

"கதிரவேல்தான் செய்யச் சொன்னவன் எண்டு சொல்லு."

"அங்க சாட்சிக்குக் கூப்பிட்டா நீ வருவியா?"

"நான் உனக்கு முதலே அங்கதானே நிப்பன்."

காவல் லோஞ்சிப் படகு ஒன்று அவர்களை நோக்கி வந்தது. எந்த வள்ளத்தையும் மறித்துப் பாஸ் கேட்கிற வெள்ளைக்காரச் சிப்பாய், இவர்களைக் கண்டதும் சும்மா கையசைத்துவிட்டுப் போனான்.

சண்டைக் கப்பல்களைத் தாண்டியதும் பக்கீர் துடுப்பை நிறுத்தினார். "இங்க சரியா?"

கதிரவேல் தண்ணீரில் கையை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். "கப்பல் எண்ணெய் மணக்குது. உதுக்குள்ள மனிசன் சாவானோ?"

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். "இங்க?"

"இங்க சுறா திரியும்."

"செத்த பிறகு சுறா வந்தா ஒனக்கென்ன?"

"சாக முதல் வந்தால்?"

மூன்றாவது இடத்தில் தண்ணீர் பளிங்காக இருந்தது. குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. பக்கீர் கல்லை விளிம்புக்கு உருட்டினார். கயிற்றின் மறுநுனியைக் கதிரவேலின் இடுப்பில் கட்டத் தொடங்கினார். முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்துபோனது.

"பூரணத்தைப் பாத்துக்கொள்" என்று சொல்லிக் கதிரவேல் கண்ணை மூடினார். பறவைகளின் சத்தம் கேட்டு உடனேயே திறந்தார். "பக்கீர், அங்க பார். பாரைக் கூட்டம். தூண்டிலை எடு."

"கயிறு கட்டிக்கொண்டிருக்கிறன் மச்சான்."

"கயிறு எங்க ஓடப்போகுது? மீன் ஓடிப்போடும். எடு எண்டுறன்."

பக்கீருக்கு வள்ளம் வலிக்கத்தான் தெரியும். அவர் தூண்டில் எறிந்த விதத்தைக் கண்டு கதிரவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கையை உதறாதை. விடு, விடு, இப்ப இழு. உன்னோட மாரடிக்க ஏலாது, இஞ்சை கொண்டா." தூண்டிலைப் பறித்துத் தானே எறிந்தார். இடுப்பில் கல்லோடு இருந்தபடியே ஐந்து பாரை பிடித்தார். ஆறாவது அறுத்துக்கொண்டு ஓடியபோது அதன் தாய் தகப்பனையெல்லாம் இழுத்து ஏசினார்.

பொழுது சாய்ந்திருந்தது. "வள்ளத்தைத் திருப்பு. இருட்டினால் நேவிக்காரன் சுட்டுப்போடுவான்" என்றார் கதிரவேல்.

"சுட்டா ஒனக்கு நல்லதுதானே?"

"உன்னையுமெல்லோ சேர்த்துச் சுடுவான்."

பக்கீர் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வந்த வழியே வலித்தார்.

கரையில் பூரணம் நின்றிருந்தாள். அன்றைக்குக் கோயிலிலிருந்து வழக்கத்தைவிட வெள்ளெனத் திரும்பியிருந்தாள். அவளைக் கண்டதும் பக்கீர் சாக்கை இழுத்துக் கல்லை மூடினார். கதிரவேல் தொண்டையைச் செருமினார்.

"சும்மா காத்து வாங்கப் போனனாங்கள்" என்றார்.

பூரணம் மீனை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். பாரைக் குழம்போடு கதிரவேல் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அறுத்துக்கொண்டு ஓடிய ஆறாவது மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டினார்.

பக்கீர் வீட்டுக்குப் புறப்பட்டார். வாசல் படலை வரைக்கும் கூட வந்த பூரணம், உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கும் இவரைச் சாகக் கூட்டிக்கொண்டு போங்கோ நானா. இப்பிடிப் போய் வாற இந்த ஒரு மாசமாத்தான் மனுசன் வயிறாரச் சாப்பிடுறார்."