கரிக்கோடு

"கையை மடக்காதீங்க. மடக்கி வச்சு வரைஞ்சா, நீட்டறப்பக் கோடு கோணிக்கும்" என்றேன். என் கணவர் சண்முகவேல் சட்டையைக் கழற்றிவிட்டு இடது கையை நீட்டினார். விளக்குக்கரி குழைத்த மையில் ஈர்க்குச்சியைத் தொட்டு, அக்குளுக்குக் கீழே மேற்கையின் உள்பக்கம் கோடு இழுத்தேன். கூசுகிறது என்று சிரித்தார்.

1942, ஆவணி அமாவாசை. நெசவு ஊரான இளம்பிள்ளையில் அன்று தறி ஓடாது. ரயில் பாதை ஓரம் தந்திக் கம்பி அறுத்துவிட்டு வந்திருந்த, என் கணவரோடு சேர்த்து ஐந்து பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள். ஐவருக்கும் ஓர் அடையாளம் இருக்கட்டும், ஒருவரை ஒருவர் கைவிடாமல் இருக்க, என்று சொன்னவர் என் கணவர். ஐவரில் இளையவன் என் தம்பி மணியன். தாய் தகப்பன் இல்லாமல் என்னிடம் வளர்ந்தவன், பத்தொன்பது வயது.

பச்சை குத்த வந்த பொன்னாயி சேந்தமங்கலத்துக்காரி. தொழிலுக்குப் புதியவள், வாழைத்தண்டிலும் சுரைக்காயிலும் குத்திப் பழகிவிட்டு அப்போதுதான் ஊர் ஊராகக் கிளம்பியிருந்தாள். அவள் அறிந்த தேளும் கோலமும் பெண்களுக்கானவை. ராட்டை போட்டால் போலீஸுக்கு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

சேலைக் கரைக்குக் கட்டம் போட்ட காகிதத்தில் டிசைன் எழுதுகிறவள் நான். புதுக் கைக்கு எளிதாக இருக்கட்டும் என்று, தறியில் நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவை வரைந்து காட்டினேன். இரண்டு வளைகோடு, இரு முனையும் கூர், நடுவில் ஒரு நேர்கோடு. அவ்வளவுதான்.

"ஏனுங்கக்கா, இது நாடாவா வெண்டைக்காயா?" என்றான் மணியன்.

முதல் கோட்டைப் பார்த்துப் பொன்னாயி தலையாட்டவில்லை. "தடிப்பா இழுக்காதீங்க அம்மணி. ஊசி பட்டா அதுவே உப்பிக்கும். நூலாட்டம் இழுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." அழித்துவிட்டு மெல்லிதாகப் போட்டேன். ஐந்து கைகளிலும் நான் கரிக்கோடு போட்டு முடித்த பிறகு, அவள் வரிசையாக ஊசி போடுவது என்று ஏற்பாடு.

மணியன்தான் முதலில் உட்கார்ந்தான். "சொரைக்காய் கத்தாதுங்க தம்பி. நீங்க கத்தினீங்கன்னா எனக்குக் கை நடுங்கும்" என்றாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமே போடவில்லை. நான்கு பேருக்கு முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பொன்னாயிக்குக் கை ஓய்ந்துபோயிற்று, எனக்கு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் என் கணவர்.

சற்று நேரத்தில் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தார். நான் போட்ட கோடு கையில் இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம். நாளைக்கு இன்னொரு தரம் போட்டால் போயிற்று என்றார்.

மறுநாள் காலை போலீஸ் வந்தது. ஐந்து பேரையும் எங்கள் வாசலுக்குக் கூட்டி வந்து வரிசையாக நிறுத்தினார்கள். கம்பியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் சொன்னது ஒன்றுதான்: "சட்டையைக் கழட்டி எடது கையைத் தூக்குங்கடா."

நான்கு கைகளில் நாடா சிவந்து வீங்கியிருந்தது. ஐந்தாவது கையில் ஒன்றுமில்லை. என் கணவரை ஒதுங்கச் சொன்னார்கள். நான் அம்மனை நினைத்துக் கும்பிட்டேன். விலங்கு மாட்டும்போது மணியன் என்னைப் பார்த்து, "மாமாவாச்சும் ஊட்ல இருக்காங்களே அக்கா, அது போதும்" என்றான்.

பொன்னாயி தங்கியிருந்த கோயில் மண்டபத்துக்கு ஊரே ஓடியது. அவள் இல்லை. ஊசிப் பெட்டியும் இல்லை. அடையாளம் எந்த இடத்தில் இருக்கிறது என்று வெளியாட்களில் அறிந்தவள் அவள் ஒருத்திதான். நாலு ஊர் சுற்றுகிற சனம் வேறென்ன செய்யும் என்றார் என் கணவர். நான் மண்ணை வாரித் தூற்றினேன்.

ஏழு மாதம் கழித்து, சிறையில் வயிற்றுக்கடுப்பில் மணியன் இறந்துவிட்டதாக ஒரு கார்டு வந்தது. உடல் வரவில்லை. காரியங்களை என் கணவரே முன்னின்று செய்தார். அடுத்த வருஷம் நூல் கிடைக்காமல் தறிகள் எல்லாம் நின்றபோது, சர்க்கார் கொடுக்கும் கண்ட்ரோல் நூல்கடை லைசென்ஸ் அவருக்குக் கிடைத்தது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு சாமி பார்த்துக் கொடுத்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

1946இல் சேந்தமங்கலம் சந்தைக்குப் போயிருந்தோம். அவர் கொல்லிமலைப் பலாப்பழம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். புளியமரத்தடியில், ஒரு பெண்ணின் கையில் தேள் குத்திக்கொண்டிருந்தாள் பொன்னாயி. கை தேறியிருந்தது.

போய் அவள் தலைமுடியைப் பிடித்தேன். என் தம்பியைக் காட்டிக் கொடுத்துவிட்டு ஓடி வந்தவள்தானே நீ என்றேன். அவன் சிறையிலேயே செத்ததையும் சொன்னேன்.

அவள் என் கையை விலக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்தாள். "தம்பி போயிட்டாருங்களா?" என்று கேட்டாள். எல்லாருக்கும் சொல்லியிருப்பார், எல்லாரும் தப்பியிருப்பீர்கள் என்றல்லவா இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன் என்றாள். யார் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலைல போலீசு வருது, நீ இன்னிக்கே கெளம்பிருன்னு என்னைய வண்டி ஏத்தி உட்டது உங்க ஊட்டுக்காரருதானுங்களே அம்மணி."