கூடிக்கொண்டே போன எடை

எடை கூடியிருந்தது. போன வாரத்தைவிட முக்கால் கிலோ. நர்ஸ் அதை நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள்.

மெஷின் மேல் நின்ற பெண்ணுக்குப் பதினேழு வயது. சாப்பாட்டைக் கண்டாலே மிரளுவாள். பிடிவாதம் என்று யாரும் திட்டாதீர்கள், இது மனசைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தின்கிற நோய் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். எடை இன்னும் இறங்கினால் இதயம் தாங்காது, அன்றைக்கே வார்டில் சேர்த்தாக வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

எடை எங்கே இறங்கியது? ஆறு வாரமாக ஏறிக்கொண்டே இருந்தது. பெண்தான் தேய்ந்துகொண்டே போனாள். அவள் நடந்து வந்தால் காலடிச் சத்தம் கேட்பதில்லை. நாடி பிடித்தால், அடுத்த துடிப்பு வருமா வராதா என்று நர்ஸ் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத இன்னொருத்தியும் கூடவே ஏறி நிற்கிறாளோ என்றுகூடத் தோன்றியது. மெஷினை இரண்டு தடவை மாற்றியாயிற்று.

அம்மாவுக்கு மட்டும் வாயெல்லாம் பல்.

“பார்த்தீங்களா சிஸ்டர், வீட்டுலயே தேறிட்டா. வார்டு அது இதுன்னு போயிருந்தா நாலு பேரு நாலு விதமா பேசியிருப்பாங்க.”

பெண் எந்நேரமும் வெடவெடவென்று நடுங்கினாள். எடை பார்க்கும்போதும் அவள் போட்டிருந்த தடித்த ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்ல நர்ஸுக்கு மனசு வரவில்லை.

இன்று அம்மா மருந்து வாங்கக் கீழே போனதும், பெண் தானாகவே அதைக் கழற்றினாள்.

“இதை மட்டும் எடை போடுங்க சிஸ்டர்.”

மெஷின் நாலு கிலோ காட்டியது.

நர்ஸ் ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிரித்தாள். உள்ளே வரிசையாக ஈயத் துண்டுகள். ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வராதபடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொடித் தையல்.

நர்ஸுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவள் அத்தனை பூரித்துப்போய் நிற்கிறாள், இவள் இப்படிச் செய்துவிட்டாளே.

“உங்கம்மா உன் மேல உயிரையே வெச்சிருக்காங்க. அவங்களை ஏமாத்த உனக்கு எப்படிம்மா மனசு வந்தது?”

பெண் வாசலைப் பார்த்தாள். பிறகு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்றிருந்தது.

“சாப்பிட எனக்கு இப்பவும் பயம்தான். ஆனா செத்துப்போக அதைவிடப் பயமா இருக்கு” என்றாள். “எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது சிஸ்டர். அம்மா மேல வர்றதுக்குள்ள என்னை வார்டுல சேர்த்துடுங்க.”