பையோடு நட்ட செடிகள்

“சுரங்கம் தோண்டுறப்ப எங்க வயல்லேருந்து வழிச்செடுத்து வச்ச மேல்மண்ணு எங்க சார்? குவியலைக் காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன்.”

இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே அஞ்சுகத்திடம் சொல்லியிருந்தார்கள். மண் பரிசோதகர் அவள். விளைச்சலுக்கு ஏற்ற நிலம் என்று அவள் கையெழுத்திட்டுவிட்டால், மூடிய சுரங்கத்தை ஊர்க்காரர்கள் தலையில் கட்டிவிட்டு நிர்வாகம் கைகழுவிவிடும். அதில் அவள் அப்பாவின் இரண்டு ஏக்கரும் உண்டு.

“அது அப்பவே நிலக்கரிக் கழிவோட கலந்து குழிக்குள்ள போயிடுச்சும்மா,” என்றார் மேலாளர் தேவசகாயம். “இப்ப எதுக்கு அது? ஆயிரம் கன்னு பச்சைப்பசேல்னு நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?”

நின்றன. அவள் குனிந்து ஒரு வேப்பங்கன்றைப் பிடித்து இழுத்தாள். அடம்பிடிக்காமல் கையோடு வந்தது. வேரைச் சுற்றி நர்சரியின் கறுப்புப் பை கிழியாமல் அப்படியே இருந்தது. சாம்பல் நிறக் களிமேடு முழுவதிலும் மண் என்று சொல்ல அந்தப் பைக்குள் இருந்த செம்மண் மட்டும்தான்.

“பையோடவா சார் நட்டீங்க?”

“பின்ன? ஆய்வு முடிஞ்சதும் நர்சரிக்காரன் திருப்பிக் கேப்பான்ல? வேர் அறுந்தா யாரு பதில் சொல்றது?”

அவள் அவருடைய பேனாவை அவர் கையிலேயே திணித்தாள். கன்றைப் பையோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள்.

“ஏய், வச்சுட்டுப் போ! எண்ணி வாங்குனது, ஒண்ணு கொறையும்!”

கீழே, அரசு ஆய்வுக் குழுவின் கார் அப்போதுதான் வந்து நின்றது. அவள் நேராக அதை நோக்கி நடந்தாள்.