சூடு வைத்த கை

எர்மெத்தே தான் போட்ட காபியைத் தானே தொட்டியில் துப்பினான். கருகிய கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

“எல்லாம் அந்த எதிர்க்கடை நெல்லோ பண்ற வேலை, சாமி! தண்ணி தொண்ணூறு டிகிரியில நிக்கணும். காலையில சரியாத்தான் வெக்கிறேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா மிஷின் கொதியா கொதிக்குது!”

நேப்பிள்ஸிலேயே பக்குவமான காபி இவனுடையதுதான் என்று போன மாதம் ஒரு பத்திரிகை எழுதியது. அன்றிலிருந்து வெளியூர்க் கூட்டம் தெருமுனை வரை நின்றது. இந்த வாரமோ, வந்தவர்கள் எல்லாம் ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, நேராக நெல்லோ கடைக்கு நடையைக் கட்டினார்கள். இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். எர்மெத்தேவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பங்குச் சாமியார் தோன் எலீஜியோ மட்டும் பூசை முடித்து வழக்கம்போல் வந்திருந்தார். எல்லோரும் நின்றபடி காபி குடிக்கும் கல்மேடையில் செய்தித்தாளை அகலமாக விரித்து, இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, அந்தக் கசப்பை முகம் மாறாமல் குடித்தார்.

“நெல்லோவைச் சந்தேகப்படாதேப்பா. பாவம்.”

“பாவமா? அவனா? உங்களுக்கு ரொம்ப இளகின மனசு, சாமி.”

எர்மெத்தே மிஷினின் பக்கவாட்டுக் குமிழைத் திருகிச் சூட்டைக் குறைத்தான். இன்னொரு காபி போட்டுக் குடித்துப் பார்த்தான். அமிர்தம்.

“பால் வாங்கிட்டு வந்துடறேன், சாமி!” என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனான். போனவன் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிரே நெல்லோ தன் கடை வாசலுக்கு வந்தான், இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

‘வாடா மகனே, வா!’

நெல்லோ கொட்டாவி விட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

அப்போதுதான் கல்மேடையைத் தாண்டி ஒரு கை மெல்ல நீண்டது. குமிழைப் பிடித்து நன்றாகத் திருகியது. கறுப்பு அங்கியின் கை!

“சாமி! நீங்களா? இந்த மிஷினை வாங்கின அன்னைக்கு ஜெபம் பண்ணி மந்திரிச்சதே நீங்கதானே!”

தோன் எலீஜியோ கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது, வருத்தம் இல்லை.

“உன் காபி நல்லா இருந்தா, எனக்கு இங்க நிக்க எடமில்லையேப்பா!”