குளிர்சட்டை

உடம்பைச் சூடேறாமல் காக்கும் குளிர்சட்டை போடாமல் வெயிலில் வேலைக்குப் போனவர்கள் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை என்றாகிவிட்ட கோடை அது. வசதியுள்ளவர்கள், ஏழைகள் குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளட்டும் என்று திருவொற்றியூர் தர்மக்கடைக்குக் கொடுக்கும் பழைய குளிர்சட்டைகளையெல்லாம் பிலோமினா விடிந்ததுமே மலிவாக அள்ளிவந்து, இணையத்தில் நல்ல லாபத்துக்கு விற்றுவந்தாள்.

ஒருநாள் ரோடு போடுபவரின் மனைவி செங்கமலம் கடைவாசலில் அவளை மறித்தாள். "ஒண்ணே ஒண்ணு விட்டுட்டுப் போங்கக்கா. எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போவணும்."

"எல்லாத்துக்கும் ஆர்டர் வந்துடுச்சும்மா" என்று சொல்லி பிலோமினா ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

மறுவாரம் செங்கமலம் அதே கடையில் கணவனின் பருத்திச் சட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "துவைச்சதுதான். யாராச்சும் போட்டுக்கட்டும்."

அன்றைய சட்டைகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்த பிலோமினா அதைக் கேட்டு நின்றாள். பையிலிருந்து ஒரு குளிர்சட்டையை உருவி நீட்டினாள்.

செங்கமலம் கை நீட்டவில்லை. "இனிமே யாருக்குக்கா?" என்றாள்.