ஏழாம் குட்டையில் நிழல்

பாலோ என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், மலேரியா ஆராய்ச்சிக்காகக் கொசுப்புழு சேகரிப்பது வெள்ளையம்மாவின் வேலை. குட்டைக்குப் பத்து அகப்பை நீர் எடுத்துப் புழுவை எண்ண வேண்டும்; புழு இருந்தால்தான் அந்தக் குட்டையில் கொசு ஒழிக்க எண்ணெய் அடிப்பார்கள். நிழல் விழுந்தால் புழுக்கள் அடிக்குப் போய்விடும். அதனால் வெயிலைப் பார்த்து நிற்க வேண்டும். கூட வேலை செய்த புருஷன் அர்ச்சுனன் அதை மறந்து மறந்து அவளிடம் ஏச்சு வாங்குவான். போன மாதம் காய்ச்சலில் இறந்துவிட்டான்.

அதன்பின், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தின் எதிரேயிருந்த ஏழாம் குட்டையில் ஒரு புழுவும் அகப்படவில்லை. அகப்பையை நீட்டுமுன்பே எல்லாம் இறங்கிவிடும்.

"புழு இல்லையெண்டால் எண்ணெய் அடிக்க ஏலாது, பிள்ளை," என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் தியாகராஜா. "துரை எண்ணிக்கையத்தான் பாப்பார்."

லயத்தில் அவள் மகளுக்குக் காய்ச்சல் நடுக்கம் கண்டிருந்தது.

மறுநாள் காலை ஏழாம் குட்டையில் வெள்ளையம்மா வெயிலைப் பார்த்தே நின்றாள். புழுக்கள் இறங்கின.

"எத்தன தடவ சொல்றது? என் பின்னால வந்து நில்லுங்க," என்றாள், ஆளில்லாத பக்கம் திரும்பி.

புழுக்கள் மேலே வந்தன. பத்து அகப்பையில் நாற்பத்திரண்டு.

மாலையில் எண்ணெய் அடித்தார்கள். குட்டை முழுவதும் படலம் பரவியது. காலையில் அவள் நின்ற கரையில் இப்போது யாருமில்லை; ஆனால் அங்கிருந்து ஆள் நிழல் வடிவில் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய் படியவில்லை. வெயில் சாயச் சாய அந்த இடம் மகள் படுத்திருந்த லயத்துப் பக்கமாக நீண்டது.